படகுத்துறைப் பதில்கள்

கேள்வி: 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டபோது, படகுக்காரர்கள் லட்சக்கணக்கானவர்களைக் கரைசேர்த்தார்கள் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். உண்மைதானா ஐயா?
– ஒரு மாணவர், கும்பகோணம்

பதில்: உண்மைதான் தம்பி. மன்ஹாட்டன் ஒரு தீவு. அன்று காலை பாலங்களையும் சுரங்கப்பாதைகளையும் மூடிவிட்டார்கள். புகையும் தூசியும் துரத்த, தென்முனைக்கு ஓடிவந்த ஜனங்களுக்கு முன்னால் தண்ணீர்தான் இருந்தது. படகு வைத்திருப்பவர்கள் எல்லோரும் வாருங்கள் என்று கடலோரக் காவல்படை ரேடியோவில் கூப்பிட்டது. அதற்கு முன்பே பலர் படகைத் திருப்பிவிட்டிருந்தார்கள். பயணிகள் படகு, இழுவைப் படகு, சுற்றுலாப் படகு, மீன்பிடிப் படகு என்று ஏறக்குறைய 150 கலங்கள். ஒன்பது மணி நேரத்துக்குள் சுமார் 5 லட்சம் பேர். இரண்டாம் உலகப் போரின்போது, 1940-இல் பிரான்சின் டன்கர்க் கடற்கரையிலிருந்து 3,38,000 போர்வீரர்களை மீட்டார்களே, அதற்கு ஒன்பது நாட்கள் ஆயின.

எண்ணிக்கையைக் காட்டிலும் இரண்டு சிறிய விஷயங்கள் என் மனத்தில் தங்கிவிட்டன. படுக்கை விரிப்பில் பெயிண்டால் ஊர்ப்பெயரை எழுதிப் படகின் பக்கவாட்டில் தொங்கவிட்டார்களாம். பதறிய கூட்டம் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் படகு போயிற்று. எது எங்கே போகும் என்று தெரிந்துவிட்டால் ஜனம் தானாக வரிசைக்கு வந்துவிடும். இன்னொன்று, இழுவைப் படகுகள் அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, கரைச்சுவரில் முட்டக் கொடுத்து நின்றன. மக்கள் கம்பித் தடுப்பைத் தாண்டி அதில் ஏறினார்கள். ஆள் ஏற ஏறப் படகு தாழும், விலகும். அதை அசையாமல் நிறுத்த, எஞ்சினோடு கை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பழையாற்றில் முப்பது வருடம் படகு ஓட்டியவன் சொல்கிறேன், அந்தக் கை ஒரு நாள் பயிற்சியில் வராது.

கேள்வி: 2015 வெள்ளத்தில் சென்னையில் படகுக்காரர் ஒருவர் பணம் கேட்டார் என்று என் அக்கா இன்றும் குறைப்படுகிறார். நீங்கள் மீனவர்களைப் புகழ்ந்தே எழுதுகிறீர்களே?
– ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: கேட்டிருப்பார். கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவரிடம் கூலி பேசியது பாவம். அதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒருவரைக் கொண்டு, சொந்தப் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போன மற்றவர்களை அளந்துவிடாதீர்கள் அம்மா.

அந்த டிசம்பர் 1 மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியும் திறந்துவிடப்பட, அடையாறு வீடுகளுக்குள் புகுந்தது. கோவளத்தில் இருக்கும் என் மைத்துனர் ஃபைபர் படகோடு முடிச்சூர்ப் பக்கம் போனார். கடலில் எங்கே மணல்திட்டு, எங்கே பாறை என்று அவருக்கு அத்துப்படி. தெருவில் அப்படி எதுவும் தெரியாது. தண்ணீருக்கு அடியில் காம்பவுண்டுச் சுவர் இருக்கும், காரின் கூரை இருக்கும், ஈட்டிபோலக் கூர் வைத்த கேட்டுக் கம்பி இருக்கும். துணி உலர்த்தும் கொடிக்கயிறு விசிறியில் சுற்றினால் எஞ்சின் நின்றுவிடும். அதனால் எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டு, அணியத்தில் ஒருவர் மூங்கில் கழியால் குத்திக் குத்திப் பார்த்து வழி சொல்ல, மற்றவர்கள் இறங்கிப் படகைத் தள்ளினார்கள். இரண்டாம் நாள் ஒரு கேட்டுக் கம்பி படகின் அடிப்பாகத்தை ஒரு முழத்துக்குக் கிழித்தது. ஒட்டி முடித்துக் கடலுக்குப் போக மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேட்க யாரும் வரவில்லை. பொன்னாடை போர்த்த மட்டும் இரண்டு கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள்.

2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் காப்பாற்றியவர்கள் சுமார் 65,000 பேர். படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவோம், உடைந்த படகுகளைச் சரிசெய்து தருவோம் என்று அந்த அரசு அறிவித்தது. சில மீனவர்கள், பணம் வேண்டாம், படகைச் சரிசெய்து கொடுத்தால் போதும் என்றார்கள். நம் டெல்டாவில் ஐப்பசி பிறக்கும் முன்பே ஊருக்கு எத்தனை படகு, யார் ஓட்டுவது, டீசல் யார் பொறுப்பு, உடைந்தால் யார் பொறுப்பு என்று எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். வருவாய்த் துறை அதிகாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இனியும் கேட்பேன்.

கேள்வி: கொள்ளிடத்துப் படுகையில் குடியிருக்கிறோம். தண்ணீர் வந்தால் படகு அனுப்புவார்கள் என்கிறார்கள். எனக்கு நீச்சல் தெரியாது, படகு என்றாலே நடுக்கம்.
– ஒரு வாசகி, சீர்காழி வட்டம்

பதில்: நடுக்கம் இருந்தால் பரவாயில்லை, கண்ணு, நின்றுகொண்டு மட்டும் வராதே. ஏறியதும் உட்கார்ந்துவிடு. குழந்தையை முதலில் படகில் உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுத்துவிட்டு நீ ஏறு. பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடிக்காமல் படகின் விளிம்பைப் பிடித்துக்கொள். கரை தட்டியவுடன் எல்லோரும் எழுந்திருப்பார்கள், படகு கவிழ்வது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அணியத்தில் நிற்பவர் உன்னைக் கூப்பிடும் வரை அசையாதே. இன்னொன்று, ஒலிபெருக்கியில் சொன்ன அன்றைக்கே பகலில் கிளம்பிவிடு. இரவில் கொள்ளிடத்தில் மிதந்து வரும் வாழைமரம் எங்கள் கண்ணுக்குத் தெரியாது.

2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தபோது நாதல்படுகையிலிருந்து ஆட்களை ஏற்றிவந்தேன். ஒரு பாட்டி பிரஷர் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோறு என்று நினைத்து, ஓரமாக வையுங்கள் ஆத்தா என்றேன். தலையை ஆட்டினாரே தவிர, கையை எடுக்கவில்லை. கரையில் இறங்கித்தான் மூடியைத் திறந்தார். உள்ளே ரேஷன் கார்டு, நிலப் பட்டா, பேரனின் மதிப்பெண் பட்டியல், ஒரு மஞ்சள் துணியில் முடிந்த காசு. ஒரு சொட்டு ஈரம் இல்லை. உன் வீட்டிலும் குக்கர் இருக்கும். ரப்பர் வளையம் தளர்ந்திருந்தால் இப்போதே மாற்றிவிடு.