கச்சேரில மூணாவது பாட்டுல இருந்து கிட்டாரும் கீபோர்டும் சுருதி ஒட்டலன்னு எழுதியிருந்தீங்களே?

கிட்டாரை திருப்பித் திருப்பி டியூன் பண்ணாதீங்க, தப்பு அனேகமா அங்க இல்ல. கீபோர்டுல டிரான்ஸ்போஸ் (சுருதிய மொத்தமா ஏத்தி இறக்குற பட்டன்) மாத்தின இடத்துலயே நிக்குது.

ரெண்டாவது பாட்டு பாடகருக்கு எட்டலன்னு சுருதிய இறக்கினோம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. கீபோர்டுக்காரர் அதுல மைனஸ் 2 (ரெண்டு அரை சுரம் கீழ) போட்டிருப்பார், கைதட்டல்ல திரும்ப 0 வைக்க மறந்திருப்பார், அவர் விரல் வழக்கமான கார்டுலதான் போகும், சத்தம் மட்டும் ஒரு முழு சுரம் கீழ வரும், அதான் அவருக்கு எதுவுமே தப்பா தெரியல. எங்க ட்ரூப்ல இதே கூத்து ஒரு ரிசப்ஷன்ல நடந்து, திட்டு வாங்கினது என்னவோ கிட்டார்காரன்தான் (நான்தான்).

செக் பண்ண ஈஸி:

1. கீபோர்டுல நடு 'சி'ய அமுக்கச் சொல்லுங்க.
2. போன் டியூனர்ல பாருங்க. 'பி பிளாட்' காட்டினா மைனஸ் 2ல நிக்குதுன்னு அர்த்தம்.

'சி'தான் காட்டுது ஆனா முள்ளு லேசா தள்ளி நிக்குதுன்னா அது வேற கதை, மாஸ்டர் டியூனிங்க (கீபோர்டு முழுசுக்கும் சுருதிய நுணுக்கமா சரி பண்ற செட்டிங்) 440 ஹெர்ட்ஸுக்கு கொண்டு வாங்க.

ஒண்ணு மட்டும், செட்ல புல்லாங்குழல்காரர் இருந்தா சுருதி மாத்துறத அவர்ட்ட முன்னாடியே சொல்லிடுங்க, அவருக்கு பட்டன் கிடையாது, வேற குழல்தான் எடுக்கணும்.