கூகுள் டாக்ஸில் காணாமல் போன அத்தியாயம்

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து புராஜெக்ட் ரிப்போர்ட்டை கூகுள் டாக்ஸில் எழுதுகிறோம். நேற்று பார்த்தால், நான் எழுதிய மூன்றாம் அத்தியாயத்தில் பாதியைக் காணோம். கேட்டால், யாருமே அழிக்கவில்லை என்கிறார்கள். அதை மீட்க முடியுமா? யார் யார் எவ்வளவு எழுதினீர்கள் என்று கைடு வேறு கேட்கிறார். அதை எப்படிக் காட்டுவது?

பதில்: மீட்கலாம், கவலை வேண்டாம். கணினியில் ஆவணத்தைத் திறந்து, ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரிக்குப் போங்கள். எந்த நேரத்தில் யார் எதை மாற்றினார்கள் என்பது ஆளுக்கொரு நிறத்தில் தெரியும். உங்கள் அத்தியாயம் முழுதாக இருந்த பதிப்பைக் கண்டுபிடித்ததும் அவசரப்பட்டு 'ரீஸ்டோர்' பட்டனை அழுத்திவிடாதீர்கள். மொத்த ஆவணமும் அந்த நேரத்துக்குத் திரும்பிவிடும். மற்ற மூவரும் அதற்குப் பிறகு எழுதியது கண்ணில் படாமல் போகும். அப்புறம் அவர்கள் உங்களைத் தேடி வருவார்கள்! பழைய பதிப்பிலிருந்து உங்கள் பகுதியை மட்டும் காப்பி செய்து, இப்போதைய ஆவணத்தில் ஒட்டினால் போதும்.

அழித்தவர் வேண்டுமென்றே செய்திருக்க வாய்ப்பு குறைவு. போனில் திறந்து, விரல் பட்டு, ஒரு பத்தி தேர்வாகி அழிந்து போவது சாதாரணமாக நடப்பதுதான். அடுத்தவர் அத்தியாயத்தைத் திருத்தும்போது 'சஜெஸ்டிங்' முறைக்கு மாறிக்கொள்வது என்று நால்வரும் பேசி வையுங்கள். அப்போது அழித்தாலும் அது யோசனையாகத்தான் நிற்கும், உங்களில் ஒருவர் டிக் செய்து ஏற்றால்தான் போகும்.

கைடு கேட்பதற்கும் இதே ஹிஸ்டரிதான் சாட்சி. ஆனால் இதில்தான் பல குழுக்கள் மாட்டிக்கொள்கின்றன. மூன்று பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நான்காமவர் வாங்கி ஒட்டினால், எல்லாமே அவர் பெயரில்தான் பதிவாகும். 'லிங்க் உள்ள யாரும் திருத்தலாம்' என்று திறந்து விட்டிருந்தால் இன்னும் மோசம்: கணக்கில் நுழையாமல் வந்தவர் பெயரே இல்லாமல் 'அனானிமஸ்' ஆகிவிடுவார். லிங்க்கை மூடிவிட்டு, நால்வரின் மின்னஞ்சலையும் 'எடிட்டர்' என்று சேருங்கள். கைடுக்கு 'கமென்டர்' உரிமை கொடுக்கலாம் என்றாலும் எடிட்டருக்குத்தான் ஹிஸ்டரி தெரியும் என்பதால், அதை நேரில் திறந்து காட்டிவிடுங்கள். ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் முன்பு அன்றைய பதிப்புக்கு 'முதல் ரிவ்யூ' என்பது போல ஒரு பெயர் வைத்தால் பிறகு தேடுவது எளிது.

ஆவணம் யார் கணக்கில் இருக்கிறது என்றும் பாருங்கள். அவர் அதை அழித்தால் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். கல்லூரி கொடுத்த கணக்கென்றால், படிப்பு முடிந்ததும் அதை மூடிவிடக்கூடும். இப்போதே சொந்த ஜிமெயிலில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிரதியோடு பழைய ஹிஸ்டரி வராது என்பதால் மூலத்தையும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. ஆய்வுச் சுருக்கத்தைத் தமிழிலும் கேட்டிருந்தால், பாமினி எழுத்துருவில் அடித்து ஒட்ட வேண்டாம். திறப்பவர்களுக்கு வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். யூனிகோடில் அடியுங்கள்.