பூங்கா மண்ணில் கிடைத்த இரு காசுகள்

மதிப்பிற்குரிய ஐயா,

நானும் என் அலுவலக நண்பரும் சில மாதங்களாக மெட்டல் டிடெக்டர் வைத்துக்கொண்டு பழங்காசு தேடி வருகிறோம். தியாகராய நகரை ஒட்டிய எங்கள் பகுதிப் பூங்காவில், நடைப்பயிற்சிக்கு ஆட்கள் வரும் முன் விடியற்காலையில் தேடுவது வழக்கம். பெரும்பாலும் பாட்டில் மூடிகளும் அலுமினியப் பைசாக்களும்தான் கிடைத்தன. சென்ற வாரம் ஒரே குழியில், 1835 என்று தெளிவாகத் தெரியும் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலணா ஒன்றும், பச்சை படிந்த சிறு செப்புக்காசு ஒன்றும் கிடைத்தன. சிறிய காசில் நிற்கும் உருவம்போல ஏதோ தெரிகிறது. புளி போட்டுத் தேய்த்து, பாரிமுனைப் பக்கம் விசாரித்து விற்று, பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். எனக்கு மனம் ஒப்பவில்லை. இவை யாருக்குச் சொந்தம்? இங்கிலாந்தில் பலரும் செய்யும் பொழுதுபோக்குத்தானே இது, இங்கே செய்தால் மட்டும் தவறாகுமா?

ஒரு வாசகர், மேற்கு மாம்பலம்

*

அன்புள்ள நண்பருக்கு,

மற்றவற்றைப் பேசும் முன் ஒரு வேண்டுகோள்: புளி, எலுமிச்சை, பித்தளை துலக்கும் பொடி எதையும் அந்தக் காசுகளின் அருகே கொண்டுசெல்லாதீர்கள். அமிலம் பச்சையை மட்டும் எடுப்பதில்லை. பல ஆண்டுகளாக மண்ணில் கிடந்த செம்பில், எழுத்தும் உருவமும் பல நேரங்களில் அந்தப் படிவிலேயே தங்கியிருக்கும். அது கரைந்தால் கையில் மிஞ்சுவது வழவழப்பான ஒரு செப்புத் தகடு. படிவு கரும்பச்சையாக இறுகி இருந்தால் கவலை இல்லை. தொட்டால் ஒட்டும் வெளிர்பச்சைத் தூளாக இருந்தால், மண்ணின் உப்பிலிருந்து வந்த குளோரைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செம்பை இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கடற்கரை நகரமான சென்னையில் இது எளிதில் நிற்காது. இப்போதைக்குக் காசுகளைத் தேய்க்காமல், உலர்ந்த நிலையில், தனித்தனிக் காகித உறையில் வையுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் இயங்கிவரும் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது. சுத்தம் செய்வதா வேண்டாமா என்பதை அத்தகையவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தவை ‘ஒரே குழியில்’ என்ற இரண்டு சொற்கள். 1835 காலணா அரிதானதன்று. கம்பெனி தன் ஆட்சிப்பகுதி முழுவதற்கும் ஒரே நாணயமுறையைக் கொண்டுவந்தபோது பெருமளவில் அச்சிடப்பட்டது. சிறு காசு எதுவென்று கடிதத்தைக் கொண்டு நான் சொல்ல முடியாது. நிற்கும் உருவம் என்றதும் ராஜராஜன் காலத்துச் செப்புக்காசு நினைவுக்கு வரும், ஆனால் நாயக்கர் காலத்துச் சிறு காசுகளிலும் நிற்கும் தெய்வ உருவங்கள் உண்டு. அது எதுவாக இருந்தாலும், அவ்விரண்டும் ஏன் சேர்ந்து கிடந்தன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ரூபாய்க் கணக்கு நிலைபெறும் முன் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு பகோடா என்ற பொற்காசு என்று எண்ணினார்கள். புதிய காலணா கைக்கு வந்த பிறகும், பழைய உள்ளூர்ச் செப்புக்காசைச் சில்லறையாக ஒருவர் மடியில் முடிந்து வைத்திருந்தாரா? அல்லது வேறெங்கிருந்தோ வந்த நிரப்பு மண்ணில் இரண்டும் தற்செயலாகச் சேர்ந்தனவா? இரண்டாவதற்கும் உங்கள் பகுதியில் வலுவான காரணம் இருக்கிறது. தியாகராய நகரின் பெரும்பகுதி 1920-களில் பழைய ஏரிப்படுகையைத் தூர்த்து எழுந்தது. எவ்வளவு ஆழத்தில் கிடைத்தன, சுற்றியிருந்த மண் ஏரியின் களியா அல்லது செங்கல் துண்டுகள் கலந்த நிரப்பு மண்ணா, இரண்டும் ஒட்டிக் கிடந்தனவா, ஒரு சாண் தள்ளிக் கிடந்தனவா என்பவை தெரிந்தால் இக்கேள்வியை நெருங்கலாம். குழியை மூடியிருந்தாலும் நினைவில் இருப்பதை இன்றே எழுதிவையுங்கள். காசை விற்றுவிட்டால் வாங்கியவரிடம் ஒரு செப்புத் துண்டு இருக்கும், இந்தக் கேள்வி யாரிடமும் இருக்காது.

உங்கள் மாம்பலத்திலேயே இதற்குச் சான்று உண்டு. முத்திரை குத்திய பழைய வெள்ளிக் காசுகளோடு ரோமானியக் காசும் சேர்ந்து அங்கே கிடைத்தது. அவை தனித்தனியே ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்கு வந்திருந்தால், உள்நாட்டு வெள்ளியும் கடல் கடந்து வந்த காசும் ஒரே கையில் புழங்கின என்பதை யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

இதற்கு மறுப்பும் உண்டு. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்களிடமிருந்து வந்த காசுகளில் ‘மாக்கோதை’, ‘கொல்லிப்பொறை’ என்ற பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் படிக்கப்பட்டன. அவற்றுக்கு மண்ணடுக்கும் இல்லை, குழியும் இல்லை. ஆனாலும் சங்ககாலச் சேரரைப் பற்றிய நம் அறிவை அவை மாற்றின. ஆகவே ஆய்வாளர்கள் அகழாத காசு அனைத்தும் பயனற்றது என்று நான் சொல்லமாட்டேன். அவற்றில் எழுத்து இருந்ததால் அவையே பேசின. அப்போதும் அவற்றின் காலத்தை எழுத்தமைதியையும் உருவத்தையும் கொண்டே கணிக்க வேண்டியிருந்தது. எழுத்தே தெரியாத உங்கள் சிறு காசுக்கு, கிடைத்த இடத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை.

இனி சட்டம். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால், கண்டெடுத்தவர் என்ன கிடைத்தது, எவ்வளவு, எங்கே, எந்நாளில் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்கவோ அதற்குப் பிணை கொடுக்கவோ வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உரிமையாளர் இல்லாத பொருள் என்று ஆட்சியர் அறிவித்து, நிலத்தின் சொந்தக்காரரோடு வேறு உடன்பாடும் இல்லாவிட்டால், நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கும் ஒரு பங்கு நிலத்துக்குரியவருக்கும் சேரும். அரசு தானே எடுத்துக்கொள்ள விரும்பினால், அப்பொருளிலுள்ள உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரலாம். ஒற்றைக் காலணா புதைக்கப்பட்டதன்று, யாரோ தொலைத்தது என்று உங்கள் நண்பர் வாதிடலாம். அந்த வாதத்தை ஆட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தே சொல்லட்டும். மேலும், 100 ஆண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உரிய அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இணையத்தில் கேட்கும் அயல்நாட்டுச் சேகரிப்பாளருக்கு விற்கும் எண்ணம் யாருக்கேனும் இருந்தால் இங்கேயே கைவிட வேண்டும்.

இங்கிலாந்தை எடுத்துக்காட்டுபவர்கள் அங்கே கருவி புழங்குவதை மட்டும் பார்க்கிறார்கள். நிலத்துக்குரியவரின் ஒப்புதல் இல்லாமல் அங்கும் தேட முடியாது. பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் உள்ள இடத்தில் தனி அனுமதி வேண்டும். 1997 முதல், பொதுமக்கள் கண்டெடுத்தவற்றை இடத்தோடு பதிவுசெய்யும் திட்டம் நடக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அப்படிப் பதிவாகியுள்ளன. சென்னைக்காக பர்மிங்ஹாமில் அச்சிட்ட பத்துக் காசு, இருபதுக் காசு நாணயங்களோடு புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோர மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அக்காசுகள் ஏராளமாக மேலே வந்தன. எந்தக் கப்பல், எந்த மாதம் என்று தெரிந்திருப்பதால் 1808 என்று பொறித்த அந்தச் சாதாரணச் செப்புக்காசு ஒரு பயணத்தையே சொல்கிறது. நம்மிடம் அத்தகைய பதிவுத் திட்டம் இல்லை. ஆட்சியருக்கு எழுதும் கடிதமும் அருங்காட்சியகமும்தான் நமக்குள்ள வழிகள்.

பூங்காவைப் பொறுத்தவரை, மாநகராட்சியின் எழுத்துபூர்வ அனுமதி கிடைக்கும்வரை அங்கே தோண்டுவதை நிறுத்துங்கள். மண்ணுக்கடியில் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் மர வேரும் போகின்றன. தவிர, நம் ஊரில் மெட்டல் டிடெக்டரைப் பார்த்ததும் மக்களுக்கு வெடிகுண்டுச் சோதனைதான் நினைவுக்கு வரும். இருட்டில் இருவர் அதைச் சுமந்து நடந்தால் நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் பதறுவது இயல்பே. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துப் பெருங்கற்காலச் சின்னங்களுக்கு அருகில் எந்த நிலையிலும் இக்கருவியோடு போகாதீர்கள். தெரிந்தவர் வீட்டுத் தோட்டத்தில், அவர் ஒப்புதலோடு பழகுங்கள். இரும்பை ஒதுக்கும் அமைப்பில் கருவியை வைத்தால் 1992-க்குப் பிந்தைய துருப்பிடிக்காத எஃகு ஒரு ரூபாய்களை அது பெரும்பாலும் தாண்டிப் போகும். அலுமினியப் பைசாவும் மருந்து அட்டைத் தகடும் ஏறத்தாழ ஒரேபோல ஒலிக்கும். இந்த ஒலிகளைப் பிரித்தறியவே நெடுநாள் செவிப்பழக்கம் வேண்டும், அதற்குத் தோட்டமே போதும்.

இருவராக இருப்பது இந்த வேலைக்கு நல்லது. ஒருவர் கருவியைக் கேட்கட்டும். மற்றவர் காசை எடுக்கும் முன் அது கிடக்கும் நிலையில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, ஆழத்தையும் மண்ணின் நிறத்தையும் குறிக்கட்டும். இப்போது கையில் இருக்கும் இரண்டுக்கும் ஆட்சியருக்கு எழுதும் கடிதத்தில் இருவரும் கையெழுத்திடுங்கள், அனுமதி பெறாமல் தோண்டியதையும் அதில் மறைக்காமல் சொல்லுங்கள். பங்கு பற்றிய பேச்சை அவர் பதில் வந்த பின் வைத்துக்கொள்ளலாம். கடிதத்தின் ஒரு படியையும் காசுகளின் படங்களையும் எடுத்துக்கொண்டு எழும்பூர் அருங்காட்சியக நாணயப் பிரிவுக்குப் போங்கள், நண்பரையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். சிறு காசில் நிற்பது யார் என்று அவர்கள் சொன்னால் எனக்கும் எழுதுங்கள்.