வேனுக்குள் மூன்று மணி வேண்டாம்
வணக்கம் தம்பி. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பெரியவர்கள் 12 பேர் வேனில் நேபாளம், பூட்டான் போகிறீர்கள். கொடைக்கானல் போனபோதே கிளம்பும் நேரத்துக்காகப் பெரியப்பாவும் மாமாவும் முட்டிக்கொண்டார்கள், இப்போது எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த வழியில் சண்டைக்குக் கடிகாரமே துணை நிற்கும். நேபாளம் நம்மைவிட 15 நிமிடம் முன்னால், பூட்டான் 30 நிமிடம். நேபாள எல்லை ஊரான காக்கர்பிட்டாவில் மேச்சிப் பாலம் தாண்டி இந்தியாவுக்குள் வந்து, நம் எல்லை ஊரான ஜெய்காவ் வழியாகப் பூட்டானின் புண்ட்ஷோலிங் போனால் மணி முதலில் பின்னால் போகும், அப்புறம் முன்னால் ஓடும். செல்போன் தானே மாறிவிடும். பெரியப்பாவின் கைக்கடிகாரம் மாறாது. "எட்டு மணிக்கு வண்டியில் இருக்கணும்" என்றால் மூன்று எட்டு மணி! இருவருமே சரி என்பதால் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். டிரைவர் கடிகாரம்தான் கணக்கு என்று வாளையார் தாண்டும் முன்பே எல்லார் வாயாலும் சொல்ல வைத்துவிடுங்கள். மாமா முதலில் சொன்னால் இன்னும் நல்லது.

ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு அத்தையிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் எல்லையில் முறுக்கு டின், கம்பளி, தைலம் எல்லாம் ரோட்டில் இறங்கிய பிறகுதான் சித்தப்பாவின் அட்டை அவர் சட்டைப் பையிலிருந்து வரும்.

பூட்டானில் இந்தியருக்கு ஓர் இரவுக்குத் தலைக்கு 1,200 ரூபாய் கட்டணம். "இன்னும் ஒரு நாள் இருப்போமே" என்று யாராவது ஆரம்பித்தால், 12 பேருக்கு 14,400 என்று உடனே சொல்லிவிடுங்கள்.