கோத்தகிரிப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்குத் தாய்-சேய் மசாஜ் பயிற்சி: எதைச் சொல்லிக்கொடுப்பது?

மலைக்குளிரில் முதல் பாடம் சூடுதான். பிறந்த குழந்தையின் முதல் குளியலையே 24 மணி நேரம் தள்ளிவைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகே குழந்தையைத் தொடட்டும். அடைத்த அறையில் கரி அடுப்பு மட்டும் வேண்டாம், அந்தப் புகை ஆளையே கொல்லும். எடை குறைந்த குழந்தைக்கு முதலில் கங்காரு பராமரிப்பு: அம்மாவின் வெற்று மார்போடு அணைத்து வைப்பது. 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் தொடங்கிய முறை இது.

பாட்டிமார்தான் கொஞ்சம் சிக்கல்! உரம் (குழந்தையின் சுளுக்கு) எடுக்கிறேன் என்று தலைகீழாகத் தூக்குவார்கள், மூக்கில் எண்ணெய் விடுவார்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரலாம். திட்டாமல், பாட்டியின் கையைப் பிடித்தே மெதுவாக நீவிக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் தாய்க்கு: பிரசவ வலியின்போது இடுப்பை அழுத்தித் தடவலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் நீவவே கூடாது, ரத்தக்கட்டியாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.