வாசகர் கேள்வி – பதில்: கருவுக்கு இடம் அமைக்கும் வெள்ளணுக்கள்

கேள்வி: உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளை வெள்ளணுக்கள் விடுவதில்லை என்று படித்திருக்கிறேன். பொள்ளாச்சிக்குப் போகும் வழியில் கோபாலபுரம் சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்திப் பார்ப்பதைப் போன்ற வேலைதானே அது? அப்படியானால், பாதி தந்தையின் கூறுகளைக் கொண்ட கரு மட்டும் எப்படித் தப்புகிறது? எலிகளில் இதை ஆராய்ந்திருக்கிறார்களாமே?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: இதே கேள்வியை 1953-இல் பிரிட்டன் உயிரியலாளர் பீட்டர் மெடவார் எழுப்பினார். பிறர் தோலை ஒட்டவைத்தால் ஏற்க மறுக்கும் உடல் கருவை ஏன் ஏற்கிறது என்பது அவருக்கும் புதிராகவே இருந்தது. தாயின் நோய் எதிர்ப்பு மண்டலத்திடமிருந்து கரு விலகி மறைந்திருக்கலாம் என்பது அவர் முன்வைத்த விளக்கங்களுள் ஒன்று. பின்னர் சுண்டெலிகளில் நடந்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. வெள்ளணுக்கள் கருவைக் கண்டுகொள்ளாமல் இருப்பதில்லை. அது பதியும் இடத்தை ஆயத்தம் செய்வதிலேயே அவற்றுக்குப் பங்கு உண்டு. உங்கள் உவமையிலேயே சொல்வதானால், சாவடிக் காவலர்களே சாலையும் போடுகிறார்கள்.

சுண்டெலிகள் பெரும்பாலும் இரவில் இணைசேரும். காலையில் ஆய்வகப் பணியாளர் பெண் எலியைப் பார்க்கும்போது, ஆணின் விந்துநீர் உறைந்து வெளிறிய கட்டியாகப் பிறப்புறுப்பை அடைத்திருந்தால், அன்றைய நண்பகலை அரை நாள் கர்ப்பம் என்று குறித்துக்கொள்வார். அதற்குள்ளாகவே கருப்பையில் வேலை தொடங்கிவிடுகிறது. விந்துநீரில் உள்ள டிஜிஎஃப்-பீட்டா போன்ற சமிக்ஞைப் புரதங்கள் கருப்பையின் உட்சுவரைத் தூண்ட, அது ஜிஎம்-சிஎஸ்எஃப் முதலிய வேறு சமிக்ஞைப் புரதங்களைச் சுரந்து பலவகை வெள்ளணுக்களை வரவழைக்கிறது. நியூட்ரோஃபில்கள் எஞ்சிய விந்தணுக்களையும் கிருமிகளையும் அகற்றுகின்றன; டென்ட்ரைட்டிக் செல்கள் தந்தைவழிப் புரதத் துணுக்குகளை நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுபோய் டி செல்கள் என்னும் வெள்ளணுக்களுக்குக் காட்டுகின்றன. அவற்றுள் ‘ஒழுங்குபடுத்தும் டி செல்கள்’ எனப்படும் வகை பெருகி, தாக்குதலை அடக்கிவைக்கிறது. இவ்வகைச் செல்களைக் குறித்த கண்டுபிடிப்புகளுக்குத்தான் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவும் நடக்கையில் கரு இன்னும் கருக்குழாயிலேயே பிளவுபட்டு வளர்ந்துகொண்டிருக்கும். கருப்பைக்கு வந்து பதிவதற்கு நான்கு நாள், நாலரை நாள் ஆகும். ஜிஎம்-சிஎஸ்எஃப் இதற்கிடையே கருவின் செல்கள் மடியாமல் காப்பதிலும் உதவுகிறது.

இவை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள். ஒழுங்குபடுத்தும் டி செல்களை நீக்கியபோது, வேற்று வம்ச ஆணால் உண்டான கருக்கள் அழிந்தன; மரபுக்கூறுகள் ஒத்த தன் வம்ச ஆணால் உண்டானவை தப்பின. இது எதிர்பார்க்கக்கூடியதே. டென்ட்ரைட்டிக் செல்களை நீக்கியபோதோ தன் வம்சக் கருவும் பதியவில்லை, ஏனெனில் கருவை ஏற்கும் திசு சரிவர உருவாகவே இல்லை. கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களான மேக்ரோபேஜ்களை நீக்கிய சோதனைதான் எனக்கு எல்லாவற்றிலும் வியப்பானது. அங்கே கோளாறு கருப்பையில் தொடங்கவில்லை. சூலகத்தில் முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்ப்பஸ் லூட்டியத்தின் ரத்தநாளங்கள் சிதைந்து, கர்ப்பத்துக்குத் தேவையான ஹார்மோனான புரோஜெஸ்டிரானின் சுரப்பு குறைந்து, அதனால் கரு பதியாமல் போயிற்று. புரோஜெஸ்டிரானை வெளியிலிருந்து கொடுத்ததும் பதிந்தது.

கேள்வி: குழந்தைப்பேறு சிகிச்சையில் இருக்கும் என் அக்காவுக்கு நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை வேண்டியிருக்கும் என்கிறார்கள். எலி ஆய்வை வைத்து முடிவு செய்யலாமா?
– அதே வாசகி

பதில்: கூடாது. எலியின் கருப்பை, கரு வந்து ஒட்டிய பிறகே அதை ஏற்கும் திசுவை உருவாக்குகிறது. பெண்களுக்கோ மாதந்தோறும் அந்த மாற்றம் தானாகவே தொடங்கும். எலியிலேயே கூட எதிர்ப்பு குறைந்தால் கரு தங்கும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது என்பதை மேலே பார்த்தோம். அக்காவுக்கு ரத்தப் பரிசோதனையில் ‘இயற்கைக் கொல்லி செல்கள்’ என்னும் வெள்ளணுக்கள் மிகுதி என்று வந்திருக்குமானால், ரத்தத்தில் உள்ளவையும் கருப்பையில் உள்ளவையும் ஒரே தன்மையுடையவை அல்ல என்பதை நினைவில் வைத்து, எந்தக் காரணத்துக்காக அந்த மாத்திரை என்று மருத்துவரிடமே கேளுங்கள். வேறொரு மகப்பேறு நிபுணரின் கருத்தையும் பெறுவதில் தவறில்லை.