வயலை ஈடு வைக்க வேண்டாம், வெட்டி ஒட்டப் பழகட்டும்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் உயர்தரம் வணிகப் பிரிவில் சித்தி, ஆனால் பல்கலைக்கழகம் போக இசட் புள்ளி போதவில்லை. கொழும்பில் தனியார் நிறுவனமொன்றில் மென்பொருள் பட்டம் படிக்க வைக்கச் சொல்லிக் கனடா மாமா நெருக்குகிறார். பாதிக் காசு அவர் தருவாராம். மீதிக்கு வயற்காணியை ஈடு வைக்கலாமா? மகனோ கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று போனில் வீடியோ எடிட் பண்ணித் திரிகிறான்.

அம்மா, கவலை நியாயம்தான். ஆனால் காணியை ஈடு வைக்காதீர்கள். கோடிங் பக்கமே போகாத பிள்ளையை மாமாவின் கௌரவத்துக்காகக் கொழும்புக்கு அனுப்பினால், அறை வாடகையும் சாப்பாடும் பஸ் காசும் உங்கள் தலையில். இரண்டாம் வருடம் மாமா கையை விரித்தால் காணியும் போகும், படிப்பும் போகும். உதவ உண்மையான விருப்பம் இருந்தால் கொம்பியூட்டருக்கு 16 ஜிபி ரேமும் ஒரு எஸ்.எஸ்.டி.யும் வாங்கித் தரட்டும்.

மறுபடி பரீட்சை எழுதுவது, தாழங்குடா கல்வியியற் கல்லூரி, வெளிநாடு: இவற்றை ஊரே உங்களுக்குச் சொல்லியிருக்கும். நான் எடிட்டிங்கைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் மகனுக்கு இது விளையாட்டா தொழிலா என்று பார்க்க வேண்டும். போன் ஆப்பில் மினுக்கும் டிரான்சிஷனை, அதாவது காட்சி மாறும்போது வரும் ஜாலத்தை, தட்டிவிடுவது எடிட்டிங் இல்லை. டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பைக் கொம்பியூட்டரில் இறக்கட்டும். 4கே வரை வெளியெடுக்கலாம், பழக அது தாராளம். கிளிப்பை உள்ளே போடுமுன் பிரேம் வேகத்தை, அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்பதை, 25 என்று வைக்க வேண்டும். போட்ட பிறகு அந்த அமைப்பு பூட்டிக்கொள்ளும், புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

இரண்டு கிளிப் சேரும் இடத்தைத் தெரிவுசெய்து கன்ட்ரோலையும் T எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் கிராஸ் டிசால்வ் விழும், ஒரு காட்சி கரைந்து அடுத்தது தெரியும். நீளம் 1 விநாடி, அதாவது 25 பிரேம். அது வெட்டின் இரு பக்கமும் பாதிப்பாதியாக உட்காருவதால், முதல் கிளிப்பில் வெட்டுக்குப் பின்னும் அடுத்ததில் வெட்டுக்கு முன்னும் 12, 13 பிரேம் மிச்சம் இருக்க வேண்டும். பழகுபவர்கள் சறுக்குவது இங்கேதான். கிளிப்பை நுனி வரை பாவித்துவிட்டால் மிச்சம் ஏது? ரிசோல்வ், கிளிப்பை வெட்டிச் சரிசெய்யட்டுமா என்று கேட்கும். பார்க்காமல் சரி சொன்னால் தாலி முடிச்சின் முதல் அரை விநாடி போய்விடலாம். பிரீமியர் ப்ரோ என்ற மற்ற மென்பொருள் என்றால் கடைசிப் பிரேமையே திரும்பக் காட்டும், மாப்பிள்ளை உறைந்து நிற்பார். இதற்கு மருந்து கமராவிலேயே இருக்கிறது: காட்சி தொடங்க 3 விநாடி முன்பே பதிவை அழுத்தி, முடிந்து 3 விநாடி கழித்து நிறுத்துவது.

எங்கே போடுவது என்பதுதான் கைவண்ணம். பொன்னுருக்கிலிருந்து கல்யாண நாளுக்குப் போகும்போது டிசால்வ் பொருந்தும், காலம் கடந்ததைச் சொல்லும். ஒரே மணவறையை ஒரே கோணத்தில் எடுத்த இரண்டு காட்சிக்கிடையே போட்டால் மணப்பெண்ணுக்கு இரண்டு தலை தெரியும், அங்கே நேர்வெட்டுத்தான். வெள்ளை மின்னல் டிரான்சிஷன் வேண்டவே வேண்டாம். மண்டபத்தில் போட்டோக்காரரின் பிளாஷ் போதாதா?

சத்தத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேளத்தை நடுவில் வெட்டினால் 'டப்' என்று கேட்கும். 2 பிரேம் ஒலிக் கலப்பு அதை மறைத்துவிடும். அடுத்த காட்சியின் நாதஸ்வரம் அதன் படத்துக்கு முக்கால் விநாடி முந்தி வந்தால், பார்ப்பவர் அறியாமலே அதற்குள் போய்விடுவார். எந்த டிரான்சிஷனும் தேவைப்படாது. போன் வீடியோவின் பிரேம் வேகம் நிலையாக இராது, நீண்ட பேச்சில் உதடும் குரலும் பிரியும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாறாத பிரேம் வேகத்துக்கு மாற்றிய பிறகே எடிட் பண்ண வேண்டும்.

இப்போது சோதனை. அரை மணிநேரக் கல்யாண வீடியோவை 3 நிமிடமாக்கச் சொல்லுங்கள், டிசால்வ் இரண்டுக்கு மேல் கூடாது. திருப்பித் திருப்பி வெட்டியும் சலிக்காமல் உட்கார்ந்தால் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு ஸ்டூடியோவில் உதவியாளராகச் சேர்த்துவிடுங்கள். இரண்டாம் நாளே எழும்பிப் போனால் இதற்கும் ஒரு சதம் செலவழிக்காதீர்கள்.

சான்றிதழ் இல்லாத தொழில் என்று சொந்தக்காரர் சொல்வார்கள். தேசிய தொழில் தகைமையில் 7 மட்டங்கள் உண்டு, 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். வேலை செய்து கற்றதை மதிப்பிட்டுத் தகைமை தரும் வழியும் அதிலேயே இருக்கிறது. எந்தத் துறைக்கு எந்த மட்டம் என்று தொழிற்பயிற்சி அதிகார சபையில் கேளுங்கள். தனியார் வகுப்பென்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவைக் காட்டும்வரை கட்டணம் கட்ட வேண்டாம்.

மதிப்பீட்டுக்குச் சான்று வேண்டும் என்பதால் எடிட் கோப்பையும் மூல வீடியோவையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கட்டும், ஸ்டூடியோக்காரரிடம் கடிதமும் வாங்கட்டும். சாமத்திய வீட்டு வீடியோவை மட்டும், பிள்ளையின் தாய் தகப்பன் எழுத்தில் சம்மதித்தாலொழிய, மாதிரிக்கென்று பேஸ்புக்கில் போட விடாதீர்கள்.